அக்கா வண்டிக்கு பில் கிடையாது

என் கணவர் நல்ல மெக்கானிக். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சத்தைக் கேட்ட பிறகு சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒரு வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்வார். வாடிக்கையாளர்கள் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிட்டுவிட்டால் போதும், மனுஷன் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவார்.

அந்த டாக்டருக்கு வாய்த்த கம்பவுண்டர் நான். பட்டறையின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு போன், வருகிறவர்களுக்கு ஆடுகிற நாற்காலி ஒன்று. உதிரிப் பாகங்களுக்குச் சொல்லி அனுப்புவது, பில் போடுவது, 'நேத்தே தரேன்னு சொன்னாரே' என்று முறைத்துக்கொண்டு வருகிறவர்களை உட்கார வைத்துக் குளிர்விப்பது எல்லாம் என் வேலை. அவருக்குக் கையெல்லாம் கிரீஸ், எனக்குக் காதெல்லாம் வசவு.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியார் வண்டி வந்தால் நான் பில் புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம் திறப்பேன். அந்த வரிசையில்தான் வண்டிகள் உள்ளே போகும். சொந்தக்காரர் வண்டிக்கு பில் கிடையாது. கூடப் பிறந்தவர்களிடமும் மாமன் மச்சானிடமும் கையை நீட்டிக் காசு வாங்குவதா என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பில் இல்லையென்றால் பக்கம் இல்லை, பக்கம் இல்லையென்றால் முறையும் இல்லை. 'மதில் ஓரமா நிறுத்து, சாயங்காலம் பாக்கறேன்' என்பார். சாயங்காலம் தன் பாட்டுக்கு வரும், தன் பாட்டுக்குப் போகும்.

அப்படி மதில் ஓரத்தில் அடிக்கடி நின்ற வண்டி என் அண்ணியுடையது. அண்ணி என்றால் இவருடைய அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவருக்குத் தொழில். அதற்கு முன் ஒரு துணிக்கடையில் பல வருஷம் கல்லாவில் நின்று கொண்டிருந்தார். உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருக்கும். கட்டியவர் வேறொரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போன பிறகு, கையில் இருந்ததையெல்லாம் போட்டு இந்தப் பழைய வண்டியை வாங்கினார். பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் வைத்துக் கொடுத்தது என் கணவர்தான். அதற்கும் பில் கிடையாது.

ஆண்களிடம் கற்றுக்கொள்ளக் கூச்சப்படுகிற பெண்கள், வயதானவர்கள், ஒருமுறை எங்கேயோ இடித்துவிட்டு மிரண்டு போனவர்கள், இவர்களெல்லாம் அண்ணியைத் தேடி வருவார்கள். அண்ணி ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். கண்ணாடியைப் பார்க்கவே மாட்டாத ஒரு அம்மாவுக்குக் கண்ணாடி என்று பெயர். எதற்கெடுத்தாலும் ஹாரன் அடிக்கிற ஒரு பேராசிரியருக்கு நாதஸ்வரம். வீட்டுக்கு வந்து இவர்களைப் போலவே உட்கார்ந்து நடித்துக் காட்டுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

போன மழைக்காலத்தின் தொடக்கத்தில் புதிதாக ஒரு பெயர் சேர்ந்தது. குலுக்கம்மா.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, உடை மாற்றிப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பஸ் பிடித்துப் போவதற்குள் பாதி நாள் ஓடிவிடும். லைசென்ஸ் இருந்தால் வேலை கொடுத்த நிறுவனமே சின்ன வண்டி ஒன்று தரும், சம்பளமும் கூடும். அதற்காகக் கற்றுக்கொள்ள வந்தார். வேலைக்குப் போவதற்கு முன் விடிந்தும் விடியாததுமாக வருவார். தினமும் அண்ணியின் முதல் மாணவி அவர்தான். அவர் கை வைத்தால் மட்டும் வண்டி இரண்டாவது தெரு வரைக்கும் குலுங்கிக் குலுங்கித்தான் போகும்.

கிளட்ச்சை மெதுவாக விடச் சொன்னார் அண்ணி. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மிதிக்கச் சொன்னார். ஒன்றுக்கும் வண்டி மசியவில்லை. சில நாள் தம்பியிடமும் வந்து சொன்னார், காலையில் வண்டி ஒரு மாதிரி திக்குகிறது என்று. என் கணவர் வேறொரு வண்டியின் அடியில் படுத்திருந்தார். படுத்தபடியே, "ஓட்டத் தெரியாதவங்க ஓட்டினா குலுங்கத்தான்க்கா செய்யும்" என்றார். பட்டறையே சிரித்தது. அண்ணியும் சிரித்தார். இன்னொரு தடவை, ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிகிறதே என்று வந்து நின்றார். பழைய வண்டியில் அது சும்மா எரியும், கண்டுகொள்ளாதே என்று இவர் அனுப்பி வைத்தார். ஓட்டுகிறவர்கள் ரோட்டைப் பார்க்காமல் அந்த விளக்கையே பார்த்து மிரள்கிறார்களே என்று அண்ணி அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார். நல்ல யோசனை என்று என் கணவரே சொன்னார். நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இலவசமாகப் பார்க்கிறவரை எத்தனை தடவை தொந்தரவு செய்வது என்று அண்ணி மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு நாள் அண்ணி குலுக்கம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். எல்லாருக்கும் எல்லாம் வந்துவிடாது, உங்கள் காசை வீணாக்க எனக்கு மனசில்லை என்று. மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தும் விட்டார். அன்றைக்கு மட்டும் அண்ணி யாரையும் நடித்துக் காட்டவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை, வண்டி மேம்பாலத்தில் ஏறாமல் நின்றுவிட்டது. நாதஸ்வரம் ஓட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு மிதித்தாலும் மூச்சு முட்டியதுபோல் முனகுகிறதே தவிர நகரவில்லை. பின்னால் நின்ற அத்தனை வண்டியும் அவருக்கே ஹாரன் அடித்தது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். புகைச் சோதனைக்கும் அந்த வாரம்தான் கெடு. சான்றிதழ் இல்லாமல் பயிற்சி வண்டியை வெளியே எடுக்க முடியாது.

இந்தத் தடவை வண்டி உடனே உள்ளே போனது. அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். புகைக்குழாயின் நடுவில் ஒரு டப்பா தொங்கும், அதற்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று பெயர். எஞ்சின் விடுகிற நச்சுப் புகை அதற்குள் நுழைந்து ஓரளவு சுத்தமாகி வெளியே வரும். உள்ளே தேன்கூடு மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள் வைத்த ஒரு கட்டி இருக்கும். அண்ணி வண்டியில் அந்தக் கூடு உருகி அடைத்துக்கொண்டிருந்தது. புகை போக வழியில்லை, அதனால்தான் வண்டிக்கு மூச்சு முட்டியது.

அண்ணி விலையைக் கேட்டார். அவர் மென்று முழுங்கினார். நான்தான் போன் போட்டு விசாரித்துச் சொன்னேன். அந்தக் கூட்டின்மேல் தங்கத்துக்குச் சமமான உலோகங்களைப் பூசியிருக்கிறார்களாம். கம்பெனிப் பாகம் வாங்கினால் அந்த விலைக்கு இதேபோல் இன்னொரு பழைய வண்டி வாங்கிவிடலாம். வேறு நிறுவனத்தார் செய்கிற, சான்றிதழோடு வரும் பாகம் அதில் பாதி. அந்தப் பாதியே அண்ணிக்குப் பல மாத வருமானம். மலிவாக ஒன்று கிடைக்கிறது, அது அடுத்த மழைக்குத் தாங்காது.

அண்ணி என் எதிரில் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார். எதனால் இப்படி ஆனது என்று கேட்டார். சொல்லிக்கொடுக்கிற வண்டி, எப்போதும் ஊர்ந்துகொண்டே போகிற வண்டி, அப்படித்தான் ஆகும் என்றார் என் கணவர். அண்ணி தலையாட்டினார். நான் டேப் ஒட்டியது தப்பு, என் முட்டாள்தனம்தான் என்றார். இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

அண்ணி அங்கேயே உட்கார்ந்து இரண்டு போன் பேசினார். ஒன்று பழைய வண்டிகளை உடைத்து விற்கிறவருக்கு. நாளை மத்தியானம் வந்து எடுத்துக்கொள்வதாக அந்த ஆள் சொன்னார். இன்னொன்று துணிக்கடை முதலாளிக்கு. கல்லாவில் இடம் இருக்கிறதாம், மாதப் பிறப்பிலிருந்து வரலாமாம். பேசி முடித்து அண்ணி எழுந்து போனபோது என்னிடம் சிரிக்கத்தான் செய்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்த வயதில் அந்தக் கால்களை மறுபடி அந்தக் கல்லாவில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறாரே என்று அழுகை வந்தது.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அவர் கம்ப்யூட்டரை மாட்டி அண்ணி வண்டியைச் சோதித்தார். நான் பூட்டுவதற்குச் சாவியோடு போனபோது கையில் எதையோ வைத்துக்கொண்டு பேயறைந்த மாதிரி நின்றிருந்தார். அது இக்னிஷன் காயில், விரல் நீளத்துக்கு ஒரு சின்னச் சாமான். எஞ்சினுக்குள் தீப்பொறி வர வைப்பது அதுதான். அதில் மயிரிழை போல ஒரு விரிசல். ஈரமும் குளிருமாக இருக்கும் காலையில் அந்த விரிசல் வழியாக மின்சாரம் ஒழுகிவிடும், பொறி தவறும், வண்டி குலுங்கும். சூடாகிக் காய்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் பொறி தவறிய நேரமெல்லாம் எரியாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்திருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டை உருக்கியிருக்கிறது. மஞ்சள் விளக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்தக் காயிலின் விலை, நாங்கள் இரண்டு பேரும் ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடுகிற செலவு. மாற்றப் பத்து நிமிஷம் போதும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெளியார் ஒருத்தர் வந்து திக்குகிறது என்றால் பானெட்டைத் திறக்காமல் அனுப்புவீர்களா என்று கேட்டேன். அக்கா என்பதால்தானே இளப்பம் என்றேன். காயிலை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். உருகின கூட்டைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டால் வெறும் டப்பாவாக ஓடும், சோதனையில் கண்டுகொள்ளாமல் விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அக்காவுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்றார். உங்கள் அக்கா மகராசியாக விஷப் புகையைக் கக்கிக்கொண்டு ஊரெல்லாம் பாடம் நடத்தட்டும், மாட்டினால் ஜெயிலுக்கும் அவரே போகட்டும் என்றேன்.

வண்டியைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்ட் இன்னொன்று வாங்கச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் சான்றிதழ் உள்ள பாகத்தை வாங்கிப் போடுகிறேன் என்று கடைசியில் இறங்கி வந்தார். அது சரி. ஆனால் காரணத்தை மட்டும் சொல்லாதே என்று கெஞ்சினார். தன் டேப்பால்தான் கெட்டது என்று அக்கா நம்புகிறபடியே இருக்கட்டும் என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அப்போதுதான் கொஞ்சம் குறைந்தது. டாக்டர் என்று ஊர் கூப்பிடுகிற மனுஷன், அக்கா முன்னால் குட்டு உடைந்துவிடுமே என்று சின்னப் பிள்ளை மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றார். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் மத்தியானம் உடைத்து விற்கிறவர் சின்ன லாரியோடு வந்தார். கதவைத் திறந்து பார்க்கவில்லை, எஞ்சினைக் கேட்கவில்லை. நேராகக் குனிந்து வண்டியின் அடியைத்தான் பார்த்தார். செத்த கன்வெர்ட்டருக்கும் உள்ளே இருக்கிற உலோகத்துக்காக நல்ல விலை உண்டாம். பார்த்துவிட்டுத் திருப்தியாக எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். அண்ணி கூரைமேல் இருந்த 'பயிற்சி' பலகையைத் தானே கழற்றி மதிலில் சாய்த்தார். சாவியை எடுத்து லாரிக்காரர் கையில் வைத்தார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லத்தான் போகிறேன் என்று நான் மேசையைவிட்டு எழுந்தேன்.

"அக்கா, அது உன் டேப்பால கெடல" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல், காயிலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். அன்றைக்கே பானெட்டைத் திறந்திருந்தால் பத்து நிமிஷ வேலை என்பதையும் விடவில்லை. என் கணவரை எனக்கு மறுபடி பிடித்தது அந்த நிமிஷம்தான். முடித்துவிட்டு, பாகத்தை வாங்கிப் போட்டுத் தருகிறேன், உனக்கு ஒரு காசு செலவில்லை என்றார்.

அண்ணி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "இதுவும் இனாமா?" என்று கேட்டார்.

"உன்கிட்ட நான் எப்படிக்கா காசு வாங்குவேன்?"

"காசு வாங்காததாலதானேடா நீ பாக்கல."

அவருக்கு முகம் செத்துவிட்டது. அண்ணி இந்த வண்டி போகட்டும் என்றார். யாருடைய தயவிலோ ஓடுகிற வண்டியில் ஊரார் பெண்களை உட்கார வைத்து எனக்கு இனிமேல் தைரியமாக ஓட்டச் சொல்ல வராது என்றார். லாரிக்காரர் இந்தக் குடும்ப விவகாரத்தில் மாட்டிக்கொண்டு சாவியைக் கையிலேயே உருட்டிக்கொண்டு நின்றார்.

வாசல் வரை போன அண்ணி நின்றார். திரும்பி வந்தார். காலையில் குளிர்ந்து கிடக்கும்போது மட்டும்தான் குலுங்குமா என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். இரண்டு தெரு ஓடிச் சூடானால் நின்றுவிடுமா என்றார். ஆமாம். அண்ணி காயிலை வாங்கி அந்த விரிசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. விடிந்தும் விடியாததுமாக முதலில் வண்டியில் ஏறுகிறவர் யார்?

அண்ணி போனை எடுத்தார். அந்தப் போனில் பேசுவது பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும். எதிர்முனையில் எடுத்ததும், அம்மா நான்தான், ஓட்டக் கற்றுக்கொடுத்தேனே என்றார். பின்னால் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. யாரையோ குளிப்பாட்டிக் கொண்டிருந்திருப்பார் போலிருக்கிறது. வேறு எங்கேயாவது சேர்ந்தீர்களா என்று அண்ணி கேட்டார். சேரவில்லை, எனக்குத்தான் வராதே, விட்டுவிட்டேன், இப்போதும் பஸ்தான் என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"உங்க கால்ல ஒரு தப்பும் இல்லம்மா. வண்டிதான் கெட்டிருந்துச்சு. இப்பதான் எனக்கே தெரியும்."

அந்தப் பெண்ணின் குரல் கோபமாகக்கூட இல்லை.

"நான் அப்பவே சொன்னேனே மேடம். காலை அசைக்கவே இல்லைன்னு சொன்னேனே."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். "சொன்னீங்க. நான்தான் கேக்கல."

என் கணவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"நீயும் சொன்னக்கா" என்றார். "நான்தான் கேக்கல."

அண்ணி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் போனோடு, லாரிக்காரரிடம் கையை நீட்டினார். அவர் சாவியைத் திருப்பி வைத்தார். நான் மேசைக்குப் போய் பில் புத்தகத்தில் அண்ணி வண்டிக்கு ஒரு பக்கம் திறந்தேன்.

"அடுத்த வாரம் வாங்கம்மா" என்றார் அண்ணி போனில். "வழக்கம்போல, காலையில முதல் ஆளா."